கீழ் மூலைத் தையல்

"இதத் தச்சவரு யாரோ, அவருக்கு அன்னைக்குக் கை சரியில்ல மேடம்," என்றார் மாசிலாமணி.

டாக்டர் சபூரா திரையில் தெரிந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தி எல்லாப் பக்கமும் ஒட்டு கச்சிதமா உக்காந்திருக்கு. இந்தக் கீழ் மூலையில மட்டும் ஏனோதானோன்னு விட்டிருக்காரு. அங்கதான் ஒழுகுது."

"ம்."

"இன்னொருத்தர் விட்டத நாம எத்தனை காலத்துக்கு மேடம் அடைச்சுக்கிட்டே இருக்கிறது?"

"களைப்பா இருக்கா சார்?"

"இருக்கு."

"எனக்கும்தான். கை கழுவிட்டு வாங்க."

மாசிலாமணிக்கு நாற்பத்தேழு வயது. தேனியில் குழந்தை மருத்துவராக நன்றாகத்தான் இருந்தார். தலை நரைத்த பிறகு மேற்படிப்பு ஆசை வந்தது. பரீட்சை எழுதி, மதுரையில் ஒரு மருத்துவமனையில் சபூராவிடம் வந்து சேர்ந்தார்.

குருவுக்குச் சிஷ்யரைவிட வயது குறைவு. இவர் 'மேடம்' என்பார், அவர் 'சார்' என்பார். 'சார்' போட்டுத் திட்டு வாங்குவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். மாசிலாமணிக்கு அது வந்துகொண்டிருந்தது.

அவர் கற்க வந்த வேலை இது. சிறுவயதில் இதய ஓட்டைக்கு அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்கு, ஒட்டுப் போட்டுத் தைத்த இடத்தில் ஒரு கசிவு மிச்சம் இருக்கும். மறுபடி நெஞ்சைப் பிளக்காமல், தொடையிலிருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை கொண்டுபோய், கம்பிவலையால் ஆன ஒரு சின்னக் குடையை அங்கே விரித்து அடைக்க வேண்டும்.

சொல்ல இவ்வளவுதான். செய்யும்போது முதுகு ஒடிந்துவிடும்.

மேசையில் ஜெசிந்தா படுத்திருந்தாள். வேம்பார் பெண். தூத்துக்குடியில் ஒரு செல்போன் கடையில் வேலை. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு முறை நெஞ்சைத் திறந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதில் இன்னொரு முறை. இப்போது கடையின் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கசிவைத் தாங்கித் தாங்கி இதயம் வீங்க ஆரம்பித்திருந்தது.

தொடையில் குழாய் நுழைந்த இடம் மட்டும்தான் மரத்திருந்தது. கண் அரைத் தூக்கத்தில் இருந்தாலும் பேச்சு தெளிவாக வந்தது.

"சார், இத்தோட முடிஞ்சிரும்லா?"

"முடிஞ்சிரும்."

"போன தடவையும் அப்படித்தான் சொன்னாவ."

"இந்தத் தடவை நான் சொல்றேன். முழுசா அடைச்சிரலாம். இனிமே ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க வேண்டாம்."

சபூரா முகக்கவசத்துக்கு மேலே அவரை ஒரு பார்வை பார்த்தார். சொன்னது சொன்னதுதான். அந்தப் பெண் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டாள்.

"நீங்களே அடைங்க சார்," என்றார் சபூரா, ஒதுங்கி நின்று.

மாசிலாமணி அடைத்தார்.

குழாய் ஒட்டின் கீழ் மூலையைத் தாண்டியது. குடை ஒரு பக்கம் விரிந்தது, மறுபக்கமும் விரிந்தது. மூலைமுடுக்கெல்லாம் நிறைத்து உட்கார்ந்தது. எக்கோ திரையில் இவ்வளவு நேரம் சீறிக்கொண்டிருந்த கசிவின் வண்ணப் பீறல் பட்டென்று நின்றது. ஒரு சொட்டுக்கூட இல்லை.

அவருக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

குடை இன்னும் ஒரு நீண்ட கம்பியின் நுனியில் திருகப்பட்டிருந்தது. திருகைக் கழற்றினால் குடை அங்கேயே தங்கிவிடும். பிறகு எளிதில் எடுக்க முடியாது. அவர் கை திருகுக்குப் போனது.

"நில்லுங்க," என்றார் சபூரா. "படத்த அணைங்க சிஸ்டர்."

எல்லாத் திரைகளும் இருண்டன. இது சபூராவின் அறையில் மட்டும் உள்ள வழக்கம். திருகைக் கழற்றும் முன் யாரும் எதையும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. கருவியிலிருந்து வரும் இதயத் துடிப்பின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நர்ஸுகள் இதற்கு மௌன அஞ்சலி என்று பெயர் வைத்திருந்தார்கள். சபூராவின் காதில் அது விழுந்தும் இருந்தது.

மாசிலாமணிக்கு எரிச்சலாக இருந்தது. கால் கடுத்தது. அடைபட்டதைத்தான் எல்லோரும் பார்த்தாயிற்றே.

டிக். டிக். டிக்.

நின்றார்கள்.

டிக். டிக்.

பிறகு ஒரு டிக் வரவில்லை.

வந்தது. அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

"சார்," என்றாள் ஜெசிந்தா, "கண்ண இருட்டிட்டு வருது. கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி..."

வாக்கியம் முடியவில்லை.

மாசிலாமணி யாரையும் கேட்கவில்லை. குடையைச் சுருக்கிக் குழாய்க்குள் இழுத்தார். நர்ஸ் மருந்தை ஏற்றினாள். சத்தம் மட்டும் மனசு வராததுபோல, இருந்து இருந்து வந்தது.

துடிப்பைக் கடத்தும் மெல்லிய இழை அந்தக் கீழ் மூலையை ஒட்டித்தான் போகிறது. அது நசுங்கினாலோ, ஊசி ஆழமாகக் குத்தினாலோ, இதயம் தன் தாளத்தை இழந்துவிடும். பிறகு ஆயுள் முழுக்க ஒரு பேட்டரிப் பெட்டியை நெஞ்சில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். மாசிலாமணி இதைப் படித்திருந்தார். பரீட்சையில் அதன் படத்தை வரைந்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார்.

அவருக்குப் பயமாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

டிக்.

டிக். டிக்.

டிக். டிக். டிக்.

ஜெசிந்தா பெருமூச்சு விட்டாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"மேல ஏறிட்டேன் சார்."

சபூரா படத்தைப் போடச் சொன்னார். கசிவு பழைய இடத்தில், பழையபடி சீறிக்கொண்டிருந்தது. மாசிலாமணி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகம் தெரியாத சர்ஜன், உள்ளங்கையில் அடங்கும் ஒரு குழந்தையின் இதயத்தில், சுற்றிலும் நெருக்கி நெருக்கித் தைத்துக்கொண்டு வந்து, அந்த இடத்தில் ஊசியோடு நின்றிருப்பார்.

"டீ சாப்பிடுறீங்களா சார்?"

"வேண்டாம் மேடம்."

"வீட்டுக்கு அனுப்பிரலாமா?"

"இதய வீக்கம் அப்படியே இருக்கே மேடம். அனுப்பினா மூணாவது தடவை நெஞ்சத் தொறக்க வேண்டி வரும்."

"அப்ப?"

அவர் யோசித்தார். துடிப்பு நன்றாக நிலைப்படும்வரை காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"சின்னது ஒண்ணு குடுங்க சிஸ்டர். மெத்துனு இருக்கிறது."

இந்த முறை குடையைக் கொஞ்சம் மேலே தள்ளி விரித்தார். கசிவின் பெரும்பகுதி நின்றது. கீழ் மூலையில் மட்டும் நூல் மாதிரி ஒரு கோடு ஓடிக்கொண்டே இருந்தது.

"அங்க இன்னும் ஒழுகுதே சார்," என்றார் சபூரா. "கொஞ்சம் கீழ தள்ளினா முழுசா நின்னுரும்."

"வேண்டாம்."

"கை சரியில்லையா?"

மாசிலாமணியே திரைகளை அணைக்கச் சொன்னார். எல்லோரும் நின்றார்கள். அவர் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு நிற்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நர்ஸ் பொற்கொடி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

ஒரு டிக்கும் தவறவில்லை.

"மேடம், கழட்டலாமா?"

"கம்பி உங்க கையிலதான சார் இருக்கு."

கழற்றினார்.

தொடையில் கட்டுப் போட்டு முடித்ததும் ஒரு முக்காலியை இழுத்து ஜெசிந்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"அடைச்சாச்சா சார்?"

"பெரும்பாலும் அடைச்சாச்சு. கொஞ்சம் விட்டிருக்கேன்."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"முழுசான்னுதான சொன்னீங்க."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"அப்ப மறுபடி வரணும்."

"வருஷா வருஷம் ஒருவாட்டி வந்து காட்டணும்மா. நெஞ்சத் தொறக்குற வேலை இப்போதைக்கு இல்ல. படி ஏறினா இவ்வளவு மூச்சு வாங்காது."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அலுப்பாக இருந்தது அவளுக்கு.

"எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுட்டுத்தான் போறீங்க," என்றாள். "நீங்க ஏன் சார் விட்டீங்க?"

மாசிலாமணியிடம் பதில் இருந்தது. படம் வரைந்தே காட்டியிருப்பார். கதவருகே சபூரா கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவர் பக்கம் மாசிலாமணி திரும்பவில்லை.

ஜெசிந்தாவின் வலக்கையைத் தூக்கினார். அவளுடைய இரண்டு விரல்களை அவளுடைய இடது மணிக்கட்டில், நாடியின் மேல் வைத்து மெல்ல அழுத்தினார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டார்.

அவள் விரல்களை எடுக்கவில்லை.

"அதுபாட்டுக்கு ஓடுது சார்," என்றாள்.