குழாயடிக் கல்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மடத்தில் சமைக்கிறவள். சாமி பேசுவதே நாலு வார்த்தை. அதில் ஒன்றை மாற்றிச் சொன்னாலும் கெட்டுப்போகும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று நாளாக வாய் துறுதுறுவென்று இருக்கிறது.

எங்கள் மடம் ஒரு சின்னக் குன்றின் அடியில் இருக்கிறது. மடத்துச் சாமிக்கு வயது நாற்பத்து நாலு. அவருடைய சீடர் மாசிலாமணி ஐயாவுக்கு எழுபத்து ஒன்று. ஐயா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் மடத்துக்கு வந்து பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். வயதில் சின்னவர் குரு, பெரியவர் சீடர். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. அவர்கள் இருவருக்கும் அது ஒரு விஷயமே இல்லை.

கார்த்திகை அன்று சாயங்காலம் மடத்து விளக்கிலிருந்து ஓர் அகலை ஏற்றிக் குன்றின் உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். பாறையில் வெட்டிய இருபத்தோரு படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. இருந்தாலும் பிடிக்கக் கை ஏது? ஒரு கையில் அகல். மறு கை காற்றுக்கு மறைப்பு. எட்டு வருஷம் ஐயாதான் கொண்டுபோனார். போன வருஷம் பன்னிரண்டாம் படியில் தள்ளாடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அகல் உருண்டு உடைந்தது.

அன்று ராத்திரியே அவர் மகள் தமயந்தி போனில் சத்தம் போட்டாள். "அடுத்த வருஷமும் இப்படி ஆச்சுன்னா நேரா வந்து கூட்டிட்டுப் போயிருவேன்ப்பா. வீட்ல நாற்காலி போட்டு உக்கார வைக்கிறேன். டிவி பாருங்க."

ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி மாதம் ஒருநாள் காலையில் அவர் சாமியிடம் கேட்டார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சாமி, முப்பது வருஷம் ஓடுற பஸ்ஸுல கம்பியப் பிடிக்காம டிக்கெட் கிழிச்சவன் நான். இப்ப சும்மா நிக்கிற தரையில தள்ளாடுறேன். இந்த விழுற பயம் எப்பப் போகும்?"

சாமி எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

எங்கள் மடத்தில் கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. வாசலில் குழாய். அதன் பக்கத்தில் உட்கார ஒரு கல். தோட்டத்திலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை வருவார் ஐயா. ஆறு தடவையும் அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் கால் கழுவுவார்.

சாமி அந்தக் கல்லைப் பெயர்த்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஐயோ சாமி! வயசானவர் உக்கார்ற கல்லு! இது என்ன நியாயம்?"

சாமி கல்லைப் புரட்டி, சொரசொரப்பான அடிப்பக்கம் மேலே வரும்படி, குழாய்க்குக் கீழே பதித்தார். ஏறி நின்று கால் வழுக்குகிறதா என்று தேய்த்துப் பார்த்தார்.

"கழுவுங்கய்யா."

"எப்படி சாமி?"

"நின்னு."

"ஒத்தக் காலுலயா?"

"பக்கத்துல சுவர் இருக்குல்ல."

ஐயா சுவரில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு ஒரு காலைத் தூக்கித் தண்ணீரில் நீட்டினார். உடம்பு மொத்தமும் ஆடியது. பழைய ரூட்டின் ஸ்டாப்பிங் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். "சந்தை... பள்ளிக்கூடம்... ஆஸ்பத்திரி..." கால் பொத்தென்று கீழே வந்தது.

"ஆஸ்பத்திரியிலயே இறங்கிட்டீங்களே!" என்றேன் நான்.

"நீ வேற ஏம்மா வயித்தெரிச்சலக் கிளப்புற, மரகதவல்லி!"

சாமி சொன்னது ஒன்றுதான். "நாளைக்கும் கழுவணும்ல."

எனக்கு வந்த தலைவலி வேறு. அது புதிதாக வெள்ளையடித்த சுவர். ஐயா முதலில் காலைக் கழுவிவிட்டுத்தான் கையைக் கழுவுவார். கையெல்லாம் தோட்டத்துச் செம்மண். ஒவ்வொரு தடவையும் சுவரில் ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு சிவப்புக் கை. நான் தினமும் ஈரத் துணியால் துடைப்பேன், புலம்புவேன். புலம்பாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

ஆவணியில் துடைக்கும்போது பார்த்தேன், உள்ளங்கை இல்லை. விரல்கள் மட்டும். ஐந்து.

கொஞ்ச நாள் கழித்து நாலு. அப்புறம் மூன்று. ஒருநாள் மறுபடி முழுக்கை விழுந்தது. அன்று அவருக்குக் காய்ச்சல். பிறகு திரும்பவும் மூன்று, இரண்டு. துடைக்கப் போகிறவள் முதலில் விரலை எண்ண ஆரம்பித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று பயம்.

ஐப்பசியில் ஒரே விரல். சுட்டுவிரல் நுனி, ஒரு பொட்டு மாதிரி.

அடுத்த வாரம் ஒருநாள் துணியோடு போனேன். சுவர் வெள்ளையாக இருந்தது. நேரே கூடத்துக்கு ஓடினேன்.

"ஏங்க ஐயா, கால் கழுவாம உள்ள வந்துட்டீங்களா? மடத்துக்கு ஒரு ஒழுங்கு இல்லையா?"

ஐயா இரண்டு காலையும் நீட்டிக் காட்டினார். விரலிடுக்குகூடச் சுத்தமாக இருந்தது. ஈரம் காயவில்லை.

"அப்ப சுவர்ல..." என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னிக்கு டெப்போ வரைக்கும் போயிட்டேன்மா," என்றார் ஐயா. சாமி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கார்த்திகை வந்தது. தமயந்தியும் வந்துவிட்டாள், காரோடு. அப்பாவின் துணிமணியை அவளே பையில் எடுத்து வைத்தாள். "எதுக்கும் தயாரா இருக்கட்டும் அக்கா," என்றாள் என்னிடம். பாயசத்தில் வெல்லம் போட்டேனா என்றே நினைவில்லை.

ஐயா அகலை ஏந்திப் படியேறினார். இரண்டு படி கீழே சாமி, வெறுங்கையோடு. நாங்கள் அடியில் நின்றோம். ஐந்து. எட்டு. பத்து. தமயந்தி என் கையைப் பிடித்து நெரித்தாள்.

பன்னிரண்டாம் படிக்கு ஐயா வலது காலைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. வேட்டி படபடத்தது. சுடர் சாய்ந்தது. தூக்கின கால் தூக்கினபடி நிற்கிறது. கீழே வைக்கவும் இல்லை, மேலே வைக்கவும் இல்லை.

"ஐயா, சுவத்தப் பிடிங்க!" என்று கத்திவிட்டேன். அங்கே ஏது சுவர்?

ஐயா ஆடவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது. எனக்குத் தெரியும், சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி தாண்டியதா? தாண்டியது! காற்று நின்றது. சுடர் நிமிர்ந்தது. கால் மெதுவாகப் பன்னிரண்டாம் படியில் இறங்கியது. அப்புறம் பதின்மூன்று, பதினான்கு, நான் குதித்துக்கொண்டே எண்ணினேன்.

உச்சியில் தீபம் பற்றிக்கொண்டது. அங்கிருந்து ஐயா குன்றே அதிரக் கூவினார்.

"போலாம்... ரைட்ட்ட்!"

தமயந்தி சிரித்துக்கொண்டே அழுதாள். பையிலிருந்த துணியை அவளே திரும்பக் கொடியில் போட்டாள்.

மறுநாள் சாமிக்குச் சோறு போட்டுவிட்டு நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அவரு பஸ்ஸுல நின்ன ஆளு சாமி. நான் அப்படியா? போன தை மாசம் கஞ்சி வடிக்கிற இடத்துல வழுக்கினதுலருந்து முக்காலியில உக்காந்துதான் எல்லா வேலையும். அதுதான் எனக்குப் பத்திரம்."

சாமி சாப்பிட்டார்.

"மேல் தட்டுல இருக்கிற ஊறுகா ஜாடியக்கூட எட்டி எடுக்கிறதில்ல. ஐயாதான் எடுத்துத் தர்றாரு."

சாமி மோர் கேட்டார். ஊற்றினேன்.

"எனக்கும் அம்பத்திரண்டு ஆயிருச்சு. சுவத்தப் பிடிச்சுக்கிட்டேன்னு வைங்க, விரலை எடுக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆகுமே சாமி?"

சாமி கையைக் கழுவ எழுந்தார்.

"சுவருக்கு என்னம்மா அவசரம்?"

அன்று சாயங்காலம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகையில் போட்டேன். கஞ்சி வடிக்கிற இடத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பாசியை எடுத்து, உலரவிட்டேன். பிறகு அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கினேன்.

சாம்பாருக்கு அரைத்த மஞ்சள் கையில் இருந்தது. சுவரில் என் கை, ஐந்து விரலோடு.

துடைக்கவில்லை.