பேரளம் குமுதவல்லிக்கு இருபது சொல்

மூன்று மாதம் மாடாய் உழைத்து எழுதிய கட்டுரை. அதற்கு முன்னால் போட இருபது சொல்லுக்குள் ஒரு வரி. அந்த வரியைத்தான் டீச்சர் ஆகாது என்றுவிட்டாள். தணிகாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. டீச்சர் என்று எல்லாரும் கூப்பிடும் பொற்கொடிக்கு முப்பத்து மூன்றுதான். பிழைப்புக்கு மருந்துக்கடையில் வேலை. ஆனால், இணையத்தில் பல பேர் கூடிச் சம்பளமில்லாமல் எழுதும் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றில் முதற்பக்கம் அவள் பொறுப்பு. எங்கே தேடுவது, எதைச் சான்றாகக் காட்டுவது, எல்லாமே தணிகாசலம் அவளிடம் கற்றுக்கொண்டதுதான். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை விருத்தாசலம் நூலகத்து மாடியில் பாடம் நடக்கும்.

அந்த முதற்பக்கத்தில் ‘இது தெரியுமா?’ என்று ஒரு பெட்டி உண்டு. புதுக் கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்த ஒரு சேதி ஒரு நாள் முழுக்க அதில் நிற்கும். இருபது சொல்லைத் தாண்டக்கூடாது. உண்மையாக இருக்கவேண்டும். படித்தவன் உள்ளே போய்க் கட்டுரையைப் படிக்காமல் இருக்க முடியாதபடி இழுக்கவேண்டும்.

நாளைக்குத் தணிகாசலத்தின் முறை. அவர் கட்டுரை, கர்நாடக இசைப் பாடகி பேரளம் குமுதவல்லியைப் பற்றியது. குமுதவல்லி கண்ணை மூடி ஒன்பது வருடம் ஆகிறது. இப்பேர்ப்பட்ட பாடகியைப் பற்றி உருப்படியாக நாலு வரி எங்கேயும் இல்லையே என்ற ஆற்றாமையில் எழுத உட்கார்ந்தவர் அவர்.

பெட்டிக்காக அவர் எழுதி வந்த வரி இது:

‘நிரம்பி வழிந்த அரங்கில், பாடிக்கொண்டிருந்த கீர்த்தனையைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனவர் பாடகி பேரளம் குமுதவல்லி என்பது தெரியுமா?’

“இதுல ஒரு பொய் காட்டுங்க டீச்சர், பார்க்கலாம். மறுநாள் வந்த பேப்பரையே சான்றா கொடுத்திருக்கேன்.”

“பொய் இல்ல சார்.”

“இழுக்கலையா?”

“நல்லாவே இழுக்குது.”

“அப்புறம் என்னதான் குறை? சும்மா வேண்டாம் வேண்டாம்னா என்ன அர்த்தம்?”

டீச்சர் எழுந்தாள். அவர் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போனாள். அங்கே முன்பின் தெரியாத ஒருவர் காலை ஆட்டிக்கொண்டே நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இதக் கொஞ்சம் படிங்க. இந்தம்மா எப்படிப்பட்டவங்கன்னு உங்களுக்குத் தோணுது?”

அவர் படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“சரியான திமிர் புடிச்ச பொம்பளையா இருக்கும்.”

தணிகாசலத்துக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“என்னங்க பேசறீங்க? அவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இதுல எழுதியிருக்கறதப் பார்த்துச் சொன்னேன்.”

“இருபது வருஷமா அவங்களுக்குத் தம்பூரா மீட்டின அம்மாவை, சாதியைச் சொல்லி மேடையிலேருந்து இறக்கிட்டானுங்க அந்தச் சபாக்காரனுங்க! பாட்டு நடந்துக்கிட்டு இருக்கும்போதே! சுருதி நின்னுபோச்சேன்னு இவங்க திரும்பிப் பார்த்தா, அந்தம்மா கீழே ஓரமா நின்னு அழுவுறாங்க. பாட்டை நிறுத்திட்டு எறங்கினாங்க. அந்தம்மா கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வெளியே போயிட்டாங்க. அது திமிரா? சொல்லுங்க, திமிரா?”

“அடப்பாவமே!” என்றார் அவர். “அத எழுதாம இத எழுதினா நான் என்னங்க பண்ணுவேன்?”

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி நாளிதழுக்குள் போய்விட்டார். தணிகாசலம் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

“பார்த்தீங்களா டீச்சர், வாய்க்கு வந்ததப் பேசறான் மனுஷன். உள்ளே போய்ப் படிச்சிருந்தா இப்படிச் சொல்லுவானா?”

“நாளைக்கு அந்தப் பெட்டியை எத்தனை பேர் பார்ப்பாங்க சார்?”

“பத்தாயிரம் பேராவது பார்ப்பாங்க.”

“அதுல உள்ளே போய்ப் படிக்கறவங்க?”

“ஒரு இருநூறு பேர் தேறும்.”

“மீதிப் பேர்கிட்ட எல்லாம் போய் நீங்க இப்படிச் சண்டை போடுவீங்களா?”

தணிகாசலம் உட்கார்ந்தார். டீச்சர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அவருடைய கட்டுரையின் நாலாவது பத்தி அதில் இருந்தது.

‘மறுநாள் நாளிதழ், அவர் பாதியில் எழுந்து போனார் என்று மட்டும் எழுதியது. காரணத்தை எழுதவில்லை; அது பல ஆண்டு கழித்துத் தம்பூராக் கலைஞர் கொடுத்த பேட்டியில்தான் வெளிவந்தது. திமிர் பிடித்தவர் என்ற பேர் ஊரெல்லாம் பரவிற்று. பதினோரு ஆண்டுகள் எந்தச் சபாவும் அவரை அழைக்கவில்லை.’

அதை எழுதிய அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பேப்பர்க்காரன் மட்டும் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன் என்று மனைவியிடம் குதித்திருந்தார். இப்போது அந்த ஆள் செய்ததை எழுத்துப் பிசகாமல் தானே செய்து, அதற்கு அந்த ஆளையே சாட்சிக்கும் கூப்பிட்டிருக்கிறார். அவமானம் பிடுங்கித் தின்றது. குமுதவல்லி உயிரோடு இல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைத்ததற்காகவும் தன்மேல் எரிச்சல் வந்தது.

பேனாவை எடுத்தார். பழைய வரியைப் பட்டென்று அடித்தார். விரல்விட்டு எண்ணி எண்ணி எழுதினார்.

‘தம்பூராக் கலைஞரைச் சாதி சொல்லி மேடையிலிருந்து இறக்கியதால், பாட மறுத்து அவரோடு வெளியேறியவர் பாடகி பேரளம் குமுதவல்லி என்பது தெரியுமா?’

டீச்சர் இரண்டு தரம் படித்தாள். “இதப் போட்டுடலாம் சார்.”

தணிகாசலத்துக்கு இன்னும் ஆறவில்லை. வெட்கம் போய் மறுபடி கோபம் தலைகாட்டியது.

“போடலாம், சரி. ஆனா எல்லாத்தையும் இந்த ஒரு வரியிலேயே கொட்டியாச்சே டீச்சர். இதுக்கு மேல ஒருத்தன் எதுக்கு உள்ளே போகணும்? அங்கே தெரிஞ்சுக்க என்ன இருக்கு?”

டீச்சர் மடிக்கணினியை மூடினாள்.

“நாற்பது வருஷம் அவங்க பாடினது இருக்கே, சார்.”