மாற்றியவரே அடிக்க வேண்டும்

சரவணம்பட்டி டேட்டா சென்டரில் மேனேஜர் திருமேனிநாதன் வைத்ததுதான் சட்டம். பாஸ்வேர்டை மாற்றியவர்தான் அதை அடிக்க வேண்டும். மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும்.

அப்பேர்ப்பட்டவர், பெரிய சர்வரைத் தூரத்திலிருந்து இயக்கும் கன்ட்ரோலரின் பாஸ்வேர்டையே மறந்துவிட்டார். மறுநாள் டைரக்டர் மேடம் வருகிறார்.

ஒப்பந்த ஊழியை இசக்கியைக் கூப்பிட்டார். "அந்த ஒரு சர்வருக்குள்ள நாற்பது விர்ச்சுவல் மெஷின் ஓடுது, அணைக்கக் கூடாது. ஆனா பாஸ்வேர்டு மாறணும். இல்லைன்னா நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

"வெளியே பூட்டியிருந்தா என்ன சார், உள்ளே ஆள் இருந்தா திறக்க மாட்டாங்களா?" என்றாள் இசக்கி. நாற்பதையும் சுமக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளுக்குள் நுழைந்து, அங்கிருந்தே கன்ட்ரோலருக்குக் கட்டளை கொடுத்தாள். பத்தே நிமிஷத்தில் புதுப் பாஸ்வேர்டு ஏறியது. ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் மேனேஜர் புதுப் பாஸ்வேர்டு என்னவென்று கேட்கக்கூட மறந்தார்.

மறுநாள் மேடத்திடம் நெஞ்சை நிமிர்த்தினார். "கன்ட்ரோலர் பாஸ்வேர்டை நானே உட்கார்ந்து மாத்தினேன் மேடம்."

"பிரமாதம். எங்கே, உள்ளே போய்க் காட்டுங்க."

மேனேஜர் இசக்கியைப் பார்த்தார்.

"எல்லாரும் திரும்புங்க, மாத்தினவர் அடிக்கப் போறார்!" என்று முதல் ஆளாகச் சுவரைப் பார்த்து நின்றாள் இசக்கி. மேடமும் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

வெகுநேரம் கீபோர்டு சத்தமே இல்லை. பிறகு மேனேஜரின் குரல் மெல்ல வந்தது.

"இசக்கி, நீயே வந்து அடிம்மா. நான் திரும்பிக்கிறேன்."