காப்பியத்தில் இல்லாத படகோட்டி

“அந்தப் படலத்தை நீக்கிவிடுங்கள், அம்மையே” என்றார் வில்லவராயர்.

அவர் நகரத்தின் நீதிபதி. ஐம்பத்தாறு வயது. பதினோரு ஆண்டுகளாக, மன்றம் கூடாத நாட்களில், ஆற்றோர மடத்துக்கு வந்து வடிவம்மையிடம் காப்பியப் பாடம் கேட்கிறவர். ஆசிரியை அவரைவிட இருபது வயது இளையவள்.

“எந்தப் படலத்தை?”

“கொலை செய்த மகனைத் தாய் ஒளித்துவைக்கிறாளே, அதை. காவலர் வந்து கேட்கிறார்கள். ‘இங்கே இல்லை’ என்கிறாள். கவியோ அவளைத் தெய்வம் என்கிறார்.”

“அழகான பாட்டு.”

“அழகுதான் ஆபத்து. என் மன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்ல வருகிறவனெல்லாம் அந்தப் பாட்டைத்தான் எடுத்துச் சொல்கிறான். சிலர் ராகம் போட்டே பாடுகிறார்கள்.”

வடிவம்மை சுவடியை அவிழ்த்தாள். ஒன்பது ஓலைகளை உருவி அவர் கையில் வைத்தாள்.

“நீங்களே முறித்துப் போடுங்கள்.”

அவர் முதல் ஓலையை வளைத்தார்.

“உங்கள் மகன் கூத்தன் உள்ளே அடுக்களையில் இருக்கிறான்” என்றாள் அவள்.

“கூத்தனா? இங்கே அவனுக்கு என்ன வேலை?”

“சற்று முன்புதான் ஓடிவந்தான். கையெல்லாம் ரத்தம். படகுத்துறையில் சண்டையாம். ஒருவனைக் குத்திவிட்டானாம். அந்த ஆள் அங்கேயே செத்துப்போனானாம்.”

ஓலைகள் தரையில் சிதறின.

“யாராவது பார்த்தார்களா?”

கேட்டுவிட்டு வில்லவராயர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

“அவன் இங்கே ஓடிவந்ததை நான் பார்த்தேன். உங்களுக்குச் சொல்லி அனுப்ப எழுந்தேன். நீங்களே வந்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் படலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.”

வாசலில் காலடிச் சத்தம். காவலர் இருவர். நீதிபதியைக் கண்டதும் ஈட்டியைத் தாழ்த்திக் கும்பிட்டார்கள்.

“ஐயா, இந்தப் பக்கம் யாராவது ஓடிவந்தார்களா? துறையில் ஒரு கொலை நடந்துவிட்டது.”

வடிவம்மை சிதறிய ஓலைகளைப் பொறுக்கினாள். நீதிபதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“இல்லை” என்றார் நீதிபதி.

முப்பது ஆண்டுகளில் அவர் சொன்ன சொல்லை யாரும் மறுத்துக் கேட்டதில்லை. காவலரும் கேட்கவில்லை.

“அப்படியானால் அந்தப் படகோட்டிதான் கொலைகாரன், ஐயா. பிணத்துக்குப் பக்கத்திலேயே பிடித்தோம். ‘தூக்கிவிடத்தான் போனேன்’ என்று அழுகிறான். ஊருக்குப் புதியவன். அவனுக்காகப் பேச ஒரு ஆள் இல்லை. நாளைக்கு உங்கள் முன் நிறுத்துகிறோம்.”

திரும்பி நடந்தார்கள்.

வில்லவராயர் ஆசிரியையிடம் குனிந்து, கிசுகிசுப்பாகக் கேட்டார்:

“அம்மையே, காப்பியத்தில் இந்தப் படகோட்டி இல்லையே?”

“இல்லை. கவி அவனை எழுதவில்லை.”

“நான் என்ன செய்யட்டும்?”

அவள் வாசல் தெரியும்படி சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

காவலர் தெருவில் இறங்கிவிட்டார்கள். ஒருவன் ஏதோ சொல்ல, மற்றவன் சிரித்தான்.

“நில்லுங்கள்!”

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். வில்லவராயர் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அடுக்களையில் என் மகன் இருக்கிறான்.”

உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது.

“அப்பா!”