ஓரிரு இடங்களில்

குரு என்றதும் வெள்ளைத் தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். பாறைக்குறிச்சி மடத்துத் தவமணி அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் ஏகாம்பரத்துக்கோ அறுபத்து மூன்று. பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

திங்கட்கிழமைதோறும் ரேடியோவைக் கேட்டு, வானத்தையும் ஒரு பார்வை பார்த்து, அந்த வாரத்து வானிலையை மடத்து வாசல் பலகையில் எழுதிவைப்பது அவர் வேலை. ஊரே அதைப் பார்த்துவிட்டுத்தான் மிளகாய் காயப்போடும்.

போன வாரம் 'மழை இல்லை' என்று எழுதினார். புதன்கிழமை கொட்டோ கொட்டென்று கொட்டியது. செங்கல் சூளைக்கார இருளாயி அறுத்துக் காயவைத்திருந்த எட்டாயிரம் சுடாத பச்சைக்கல்லும் கரைந்து சேறாகிவிட்டது. ஏகாம்பரம் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

இந்தத் திங்களன்று இருளாயியே வந்து நின்றாள்.

"மறுபடியும் கல்லு அறுத்துப் போட்டிருக்கேன் வாத்தியாரய்யா. இதுவும் போச்சுன்னா இந்த வருஷம் சூளை மூட்டவே முடியாது. மழை வருமா?"

"ஓரிரு இடங்களில் பெய்யலாம்னு ரேடியோ சொல்லுது."

"அந்த ஓரிரு இடத்துல நம்ம ஊரு உண்டா?"

பாவம், மனுஷர் சாக்குக்கட்டியை எடுத்தார். பலகையில் ஏழு நாளுக்கும் ஒரே வரியை எழுதினார்: 'மழை வரலாம், வராமலும் போகலாம்.' இருளாயி அதைப் பார்த்தாள். வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

மத்தியானம் ஏகாம்பரம் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"சாப்பாடு ஆச்சா தாயே?"

"ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருக்கலாம்," என்றார் தவமணி அம்மை.

"என்ன தாயே விளையாட்டு! பசி உயிரைப் பிடுங்குது. உண்டு, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்மை வாசல் பலகையைப் பார்த்தார்.

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. "தப்பாப் போனா அவ முகத்துல எப்படி முழிப்பேன் தாயே?"

"உங்க மனசுக்கு என்ன படுது வாத்தியாரே?"

"வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல பெய்யும்னு படுது."

"அப்போ அதை எழுதுங்க. வியாழக்கிழமை அவகூடப் போய் நில்லுங்க."

அழித்துவிட்டு எழுதினார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது.

வியாழக்கிழமை சூளைக்குப் போனார். இருளாயியோடு சேர்ந்து கல்லுக்கு மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார், ஓலை சுமந்தார், ஓரமெல்லாம் ஈர மண் அணைத்தார். மேற்கே கருத்தது. இடிகூட இடித்தது. அப்புறம் பார்த்தால், மேகம் அப்படியே வடக்கே நழுவிப் போய்விட்டது! சாயங்காலம் சுள்ளென்று வெயில்.

ஏகாம்பரம் கூனிக்குறுகி நின்றார். "ஒரு நாள் வெயிலைக் கெடுத்துட்டேனே இருளாயி."

"அட போங்கய்யா! வெயிலு நாளைக்கும்தான் அடிக்கும். கல்லு முழுசா இருக்குல்ல?" என்று அவள் சிரித்தாள். இவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மடத்துக்குத் திரும்பியதும் நேரே அம்மையிடம் போனார்.

"மறுபடியும் தப்பாத்தான் சொன்னேன் தாயே. ஆனா போன வாரம் மாதிரி நெஞ்சு கனக்கலையே, அது ஏன்?"

தவமணி அம்மை அவர் கைகளைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் சூளை மண்.

"கையைக் கழுவிட்டு வாங்க," என்றார். "சாப்பாடு இருக்கு."