ஏழாவது நிறுத்தம்

விடை சொல்லப் போகிறவர்கள் பேருந்து நிற்கிற இடங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். பாதிக் கதையில் கொட்டாவி விட்டுவிட்டுக் கடைசியில் என்னிடம் வழக்குப் பேச வந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு தொழிற்பயிற்சி மையம். ஆட்டிசம் போன்ற காரணங்களால் வேறு விதமாக யோசிக்கிற, வேறு விதமாகக் கற்கிற இளைஞர்கள் அங்கே கையால் செய்து செய்தே வேலை பழகுகிறார்கள். ஆவுடையப்பன் அவர்களில் ஒருவன். வயது இருபத்து மூன்று. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் படுக்கை விரிப்பை அவன் மடித்தால் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்காரும். ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை காத்திருந்தது. நிபந்தனை இதுதான்: தேர்வு நாளன்று தானே பேருந்து ஏறிக் காலை ஒன்பது மணிக்குள் வந்து சேர வேண்டும். வீட்டார் உதவக் கூடாது. தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

மையத்து ஆசிரியை ஜெபசீலி மூன்று வாரம் அவனோடு பேருந்தில் போய்ப் பழக்கினார். கையடக்கமாக ஓர் அட்டையும் எழுதிக் கொடுத்தார். முன்பக்கம்: "பஸ் ஏறு. டிக்கெட் வாங்கு. பஸ் நிற்கும்போதெல்லாம் ஒரு விரல் மடக்கு. ஏழாவதில் இறங்கு." பின்பக்கம்: "வழி தவறினால் நில். மூச்சு விடு. கடைக்காரரைக் கேள்." பழகிய நாட்களெல்லாம் பள்ளி நாட்கள். பிள்ளைகள் கூட்டத்தில் வண்டி ஒரு நிறுத்தம் விடாமல் நின்றது.

அவனுடைய அம்மா உலகம்மாள், அந்தப் பேருந்தில் ஏறவே மாட்டேன் என்று ஜெபசீலியின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். தனக்குப் பிறகு இவன் என்ன செய்வான் என்ற கவலை அவளைப் பல வருடமாகத் தின்றுகொண்டிருந்தது. இந்த வேலை கிடைத்துவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

தேர்வு நாள் வந்தது. சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. அதை யாரும் யோசிக்கவில்லை பாருங்கள், அங்கேதான் வினையே.

உலகம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகன் பின்வாசலில் ஏறியதும், முக்காடு போட்டுக்கொண்டு முன்வாசலில் ஏறிப் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற வயிறு, என்னத்தைச் சொல்ல! எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகிற சிவப்பு பச்சை ஒயர்கூடை மடியில்.

நான்காவது நிறுத்தம் பள்ளிக்கூட வாசல். ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. டிரைவர் நிறுத்தாமல் விரட்டிவிட்டார். உலகம்மாள் சட்டென்று மகன் பக்கம் திரும்பினாள். மகன் நிற்கிறதைத்தானே எண்ணுகிறான்!

ஓட்டலுக்கு இறங்க வேண்டிய நிறுத்தத்தில் வண்டி நின்றது. அவன் கணக்கில் அது ஆறு. வெளியே பார்க்காமல், மடக்கிய விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இறங்கு ராசா" என்று ஒரு சொல் போதும். சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால் பிள்ளை நடுத்தெருவில் நிற்பான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி புறப்பட்டுவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் "ஏழு" என்று சொல்லிக்கொண்டே அவன் இறங்கினான். அவளும் முன்வாசல் வழியாக இறங்கி ஒரு பெட்டிக்கடை மறைவில் நின்றாள். பழகாத தெரு. லாரி ஒன்று ஆரன் அடித்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தான். பெட்டிக்கடை ஓரத்தில் தெரிந்த ஒயர்கூடையில் அவன் கண் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபக்கம் திரும்பிக்கொண்டு அட்டையைப் புரட்டினான். நின்றான். மூச்சு விட்டான். எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போய் ஓட்டலின் பெயரைச் சொன்னான்.

"ஒரு ஸ்டாப்பு தள்ளி வந்துட்டியளே தம்பி. வந்த வழியே நடங்க" என்றார் கடைக்காரர்.

அவன் சலவைக்கூடத்தில் நுழைந்தபோது மணி ஒன்பது பன்னிரண்டு. மேற்பார்வையாளர் திரவியம், அங்கே முன்னமே வந்து காத்திருந்த ஜெபசீலியிடம் கடிகாரத்தைக் காட்டினார். "ஒம்பதுன்னா ஒம்பதுதான் டீச்சர். பாவம் பார்த்து எடுத்தா நாளைக்கு அவனுக்குத்தான் கேவலம்."

மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் உலகம்மாள். "பள்ளிக்கூடத்துல பஸ் நிக்கல டீச்சர், அதான் எண்ணிக்கை மாறிப்போச்சு. நான் பஸ்ல வந்தது தப்புதான், ஒத்துக்கிடுதேன். ஆனா வாயைத் தொறக்கல, சத்தியமா!"

"அப்போ எழுதினதுல நான்தான் தப்பு பண்ணிட்டேன் சார்" என்றார் ஜெபசீலி.

திரவியம் முகம் சுளித்தார். "அம்மா கூடவே வந்திருக்காங்க. அப்போ நிபந்தனையும் போச்சு."

இப்போது சொல்லுங்கள். அன்றைய தேர்வில் தோற்றது யார்? ஆவுடையப்பனுக்கு அந்த வேலை உண்டா, இல்லையா?

விடை: கூடையைக் கவனித்தவர்களுக்கு இது சுலபம். திரவியமே அவனிடம் கேட்டார், "அம்மா வந்தது உனக்குத் தெரியுமா?" என்று. "தெரியும். கூடை" என்றான். "அவங்ககிட்டயே வழி கேட்டிருக்கலாமே?" "வீட்டார் உதவக் கூடாது. கடைக்காரரைக் கேள்." பத்தடி தூரத்தில் அம்மா நிற்கும்போதே அந்நியரிடம் போய் வழி கேட்டவன் தேறிவிட்டான், வேலை அவனுக்குத்தான். தோற்றது அட்டையின் முன்பக்கம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அதன் தலையில்தான் விழும். ஜெபசீலி அங்கேயே பேனா வாங்கி, 'ஏழாவது' என்பதை அடித்துவிட்டு நிறுத்தத்தின் பெயரை எழுதினார். உலகம்மாள் பேருந்தில் ஏறியதில் தோற்றாள், வாயை அடக்கியதில் ஜெயித்தாள் என்று திரவியம் சொல்லிவிட்டு ஒரு கட்டு விரிப்பைக் கொண்டுவந்து வைத்தார். ஆவுடையப்பன் முதல் விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். "நீயும் தப்பான ஸ்டாப்ல இறங்கிட்ட. திங்கக்கிழமை வராத" என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். திங்கட்கிழமை போகவில்லை.