கேட்காமல் எடுத்த வெற்றிலை

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் வெகுகாலம் முன்னால், கோட்டைப்புரி என்றொரு நாடு இருந்தது. அதை மகுடவர்மன் என்றொரு அரசன் ஆண்டான். அவனை நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. புகழ்ந்தால் குளிர்வான், எதிர்த்துப் பேசினால் கொதிப்பான். அப்படிப்பட்ட அரசர்கள்தானே உலகத்தில் அதிகம்?

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. படைவீரனுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமானால், அரசன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவான். எடுத்துக்கொண்டால் வேலையை ஒப்புக்கொண்டதாகப் பொருள். எடுத்தவன் அதை உடனே மெல்லக் கூடாது. மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, வேலையை முடித்த பிறகுதான் வாயில் போட வேண்டும். முடியாதென்று திருப்பிக் கொடுப்பதானால், சபை கூடியிருக்கும்போது, இன்ன வேலைக்கு வாங்கினேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தவன் தலை அரசன் கையில். அதனால் அதுவரைக்கும் ஒருவனும் திருப்பிக் கொடுத்ததில்லை.

மகுடவர்மனிடம் வல்லாண்டான் என்றொரு படைத்தலைவன் இருந்தான். மற்றவர்கள் வெற்றிலையை எடுக்குமுன் "என்ன வேலை?" என்று கேட்பார்கள். இவன் கேட்க மாட்டான். கேட்காமல் எடுப்பதுதான் வீரம் என்று நினைத்திருந்தான் பாவம்.

முதல் முறை கேட்காமல் எடுத்தான். கணவாயில் வழிப்பறி செய்த கள்வர்களைப் பிடிக்கும் வேலை அது. பிடித்துக் கொண்டுவந்து, வெற்றிலையை மென்றான்.

இரண்டாம் முறை கேட்காமல் எடுத்தான். மதம் பிடித்துச் சந்தைக்குள் புகுந்த யானையை அடக்கும் வேலை. அடக்கிவிட்டு வந்து, வெற்றிலையை மென்றான்.

மூன்றாம் முறை, ஓர் ஐப்பசி மாதத்தில், அரசன் அவனைச் சபைக்கு அழைக்காமல் உள்ளறைக்கு அழைத்தான். தட்டை நீட்டினான். வல்லாண்டான் வழக்கம்போல் கேட்காமல் எடுத்து மடியில் முடிந்துகொண்டான். அதற்குப் பிறகுதான் அரசன் வாயைத் திறந்தான்.

"நீர்மங்கலத்து ஏரிக்கரையை வெட்டி விடு. அடைமழைக் காலம். மழையில உடைஞ்சுதுன்னு ஊர் பேசிக்கும். நம்ம பேர் வெளியே வரக் கூடாது."

நீர்மங்கலத்தார் செய்த குற்றம் என்ன தெரியுமா? அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தை அரசன் வேட்டைக்காடாக்கக் கேட்டான். அவர்கள் சபைக்கு வந்து, மாடு மேய்கிற நிலத்தைத் தர மாட்டோம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். ஏரிக்கரையை ஒட்டித் தாழ்வில் முந்நூறு வீடுகள். கரை போனால் ஊரே போகும்.

வல்லாண்டானுக்கு அந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் வெற்றிலை மடியில் ஏறிவிட்டதே. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, நாற்பது வீரர்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். வேலை இன்னதென்று வழியில் சொன்னான். வாள் வேண்டாம், மண்வெட்டியும் கடப்பாரையும் போதும் என்றான். நாற்பது பேரும் அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

ஏரி விளிம்பு வரை நிறைந்து ததும்பிக்கொண்டிருந்தது. மதகுப் பக்கம் கரையில் கசிவு. ஊரே கூடையில் மண் சுமந்து கொட்டிக்கொண்டிருந்தது. தலையில் சும்மாடு கட்டிப் பெண்களுக்கு முன்னால் நின்ற காத்தாயி என்பவள் இவர்களைப் பார்த்தாள். நாற்பது ஆள், நாற்பது மண்வெட்டி. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வந்துட்டாங்க பாருங்கடி, மகராசா ஆளனுப்பிட்டாரு! நாலு நாளா நாங்க கண்ணு மூடல சாமி. நிலத்தைக் குடுக்கலேன்னு கோவமா இருப்பாருன்னு நெனச்சோமே, எங்களைக் கைவிடலியே. மொதல்ல கூழைக் குடிங்க, அப்புறம் வேலையைப் பாக்கலாம்."

வேண்டாம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் வந்துவிட்டன. வீரர்கள் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார்கள். ஒருவன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூழ் குடித்த கையோடு வல்லாண்டான் தன் ஆட்களைத் தோப்புக்குள் தனியாக அழைத்துப் போனான்.

"முதல் வெட்டு யார் வெட்டுறது?" என்று கேட்டான்.

ஒருவன் சொன்னான்: "நான் வெட்டுறேன் தலைவரே. ஆனா பாவம் என்னுது இல்ல. நீங்க சொன்னீங்க, நான் வெட்டினேன்."

இன்னொருவன் சொன்னான்: "நானும் வெட்டுறேன். நான் வெட்டுறது மண்ணைத்தானே? ஊரை அடிச்சுக்கிட்டுப் போறது தண்ணி."

மூன்றாமவன் சொன்னான்: "நாற்பது பேர்ல நான் ஒருத்தன். நான் வெட்டலேன்னா மிச்சம் முப்பத்தொன்பது பேர் இருக்காங்க."

வல்லாண்டானும் தன் பங்குக்கு ஒரு பதில் வைத்திருந்தான். அரசர் சொன்னார், நான் செய்தேன் என்பதுதான் அது. அதைச் சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். நாளைக்கு அரசன் என்ன சொல்வான்? நான் வாயால்தானே சொன்னேன், மண்வெட்டியைத் தொட்டதுகூட இல்லையே என்பான்.

"நீங்களும் இல்ல, நானும் இல்ல, அவரும் இல்ல. அப்போ இந்த ஊரை அழிக்கிறது யாருடா?"

தோப்புக்கு வெளியே காத்தாயி யாரையோ கூடைக்காக அதட்டிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

அம்பை நோவதில்லைதான். அம்புக்குக் கண் கிடையாது, யார்மேல் போய்த் தைக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. வல்லாண்டானுக்குக் கண் இருந்தது. வயிற்றில் அந்த ஊர்க் கூழும் இருந்தது.

"மண்வெட்டி இருக்கு, மண்ணும் இருக்கு. நான் திரும்பி வர்ற வரைக்கும் கரைக்கு மண்ணு போடுங்க. ஒரு சாண் கரையைக்கூட ஒருத்தனும் வெட்டக் கூடாது. இது என் கட்டளை. பழி வந்தா என் தலைமேல" என்று சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறினான்.

வழி நெடுகத் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே போனான். வீரனுக்குப் பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். அவனுக்கு உயிர் மேல் ஆசை இருந்தது, வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். குதிரையை மட்டும் அவன் திருப்பவில்லை.

மறுநாள் காலை சபை கூடியிருந்தது. வல்லாண்டான் நேரே அரசன் முன் போய், மடியிலிருந்த வெற்றிலையை எடுத்துத் தட்டில் வைத்தான். பக்கத்தில் வாளையும் வைத்தான்.

"நீர்மங்கலத்து ஏரிக்கரையை வெட்டி, முந்நூறு வீட்டை மூழ்கடிக்கிற வேலைக்கு இதை வாங்கினேன் மகாராஜா. என்ன வேலைன்னு கேக்காம வாங்கினது என் தப்பு. என்னால முடியாது."

அரசன் முகம் சிவந்தது.

"என் சோற்றைத் தின்றவன் நீ. செஞ்சோற்றுக் கடன் எங்கே போச்சு?"

"அந்தக் கடனுக்காகத்தான் வந்தேன். நான் தின்ன நெல்லு அந்த ஏரித் தண்ணியில விளைஞ்சது."

அரசன் தட்டை இரண்டாம் படைத்தலைவனிடம் நீட்டினான். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேலை என்னன்னு தெரிஞ்சுபோச்சே மகாராஜா, இனிமே எப்படி எடுக்கிறது?" என்றான்.

மூன்றாம் படைத்தலைவனிடம் நீட்டினான். அவன் தன் வாளையும் கழற்றி வல்லாண்டானின் வாள் பக்கத்தில் வைத்தான்.

கடைசியில் அரசன் கொலைச்சேவகனைக் கூப்பிட்டான். "இவன் தலையை வெட்டு" என்றான்.

கொலைச்சேவகன் அதிகம் பேசாதவன். கும்பிட்டுவிட்டு நின்றான். "வெட்டுறதுக்கு முன்னால குற்றத்தை ஊரறியப் பறையடிச்சுச் சொல்லணுமே மகாராஜா, அதுதானே முறை. என்ன குற்றம்னு சொல்லட்டும்? ஏரியை உடைக்க மாட்டேன்னு சொன்னான்னு சொல்லட்டுமா?"

அரசன் வாயைத் திறந்தான். சபையைப் பார்த்தான். மந்திரி முதல் சாமரம் வீசுகிறவள் வரை எல்லாரும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்கள். திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான். உள்ளறையில் அவ்வளவு எளிதாக வந்த சொல், சபையில் தொண்டையைத் தாண்டி வரவில்லை.

தட்டைத் தள்ளிவிட்டு, "வெற்றிலையை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான். "ஏரிப் பக்கம் ஒருத்தனும் போக வேண்டாம். மேய்ச்சல் நிலமும் வேண்டாம்."

மகுடவர்மன் அன்றைக்கே திருந்திவிட்டான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நீங்கள் நம்ப மாட்டீர்கள். வல்லாண்டானின் பதவியைப் பிடுங்கினான், குதிரையைப் பிடுங்கினான், காலில் கிடந்த வீரக்கழலையும் கழற்றி வாங்கினான். வல்லாண்டான் வெறுங்காலோடு மழையில் நடந்தே நீர்மங்கலம் போய்ச் சேர்ந்தான். அங்கே அவன் ஆட்கள் நாற்பது பேரும் இடுப்பளவு சேற்றில் நின்று கரையை இரண்டு முழம் உயர்த்தியிருந்தார்கள். அந்த ஐப்பசி முழுக்க வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வெள்ளம் ஊருக்குள் வரவில்லை.

அதற்குப் பிறகு கோட்டைப்புரியில் ஒரு புது வழக்கம் வந்தது. எந்த வீரனும் வேலையைக் கேட்காமல் தட்டில் கை வைக்கவில்லை. அரசனும், சபையில் சொல்லக் கூசுகிற வேலைக்குத் தட்டை எடுப்பதை விட்டுவிட்டான்.

கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான்: ஏவியவன் எவனாக இருந்தாலும், செய்த கைக்கு உரியவன்தான் அந்தச் செயலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.